சோழன் யோபுவின் பல்லிடுக்கு

பேசக் கூடாது. பேசினால் பஞ்சு நகரும், பஞ்சு நகர்ந்தால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் எல்லாம் முதலிலிருந்து, என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஷாகிதா என் மேலுதட்டைத் தூக்கி ஊசியை இறக்கினார், மூக்கின் அடிவரை ஒரு எரிச்சல் ஓடிப்போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது, மரத்துப் போகட்டும் தாத்தா, இதோ வருகிறேன் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார், நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறேன். என்னை, சோழன் யோபுவை, சோல் என்கிற அமெரிக்கப் பாட்டைத் தமிழில் பாடிய முதல் மனுசனை, கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கொழும்பு வரைக்கும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போகக்கூடியவனை, பேசக் கூடாது என்று சொல்ல ஒரு ஊசி வேண்டியிருக்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு பெண் படம். முத்து முத்தாகப் பல், நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு நூல் நுழைய இடமில்லை. பாவம், இந்தப் பெண்ணால் ஆயுசுக்கும் ஒரு பாட்டுப் பாட முடியாது, காற்று எந்த வழியாகப் போகும்? என் வாயைப் பாருங்கள், மேல்வரிசையில் நடுநாயகமாக இரண்டு பல், இரண்டுக்கும் நடுவில் கதவைத் திறந்து வைத்த மாதிரி ஒரு சந்து, அந்தச் சந்துதான் என் சொத்து, என் வாத்தியம், என் பேர். அந்த இரண்டைத்தான் இப்போது பிடுங்கப் போகிறார்கள். வேரில் சீழ் கட்டியிருக்கிறதாம், இரண்டும் ஆடுகிறதாம். சனிக்கிழமை கச்சேரி கழித்து எடுக்கலாமே டாக்டரம்மா என்றேன், கெஞ்சவில்லை, யோபு கெஞ்ச மாட்டான், கொஞ்சம் குழைந்து கேட்டேன், அவ்வளவுதான். "சனிக்கிழமை வரைக்கும் விட்டா மூஞ்சி இட்லி மாதிரி உப்பிடும், அப்புறம் எங்க பாடுவீங்க?" என்றார். நியாயமான பெண். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தானாம், என் கச்சேரிக்கு வந்திருக்கிறாராம். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "ஒன்னும் புரியல, ஆனா வீட்டுக்கு வந்து அழுதேன்னு சொன்னார்" என்றார். அதுதானம்மா சோல், புரிந்துவிட்டால் அது வேறு ஏதோ.

உதடு கனக்க ஆரம்பித்துவிட்டது, யாரோ என் மூஞ்சியில் வேறொருவன் உதட்டை ஒட்டவைத்த மாதிரி. இந்த அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு, வெளியே ஒருத்தன் இருமினால் இங்கே சுவரில் அந்தப் பெண் குலுங்குகிறாள். வெளியே உட்கார்ந்திருப்பது என் மனைவி பிலோமி. உட்கார்ந்தாளா, அரசாங்கம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். "உள்ள இருக்கறவரா? எங்கூட்டுக்காரர்தான். இவரு வாயத் தொறந்து வெச்சிகினு பேசாம இருக்கறத நான் இன்னிக்குதான் பாக்குறேன்." யாரோ ஒரு ஆண்குரல், கன்னம் வீங்கியிருக்க வேண்டும், வார்த்தையெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது: "சோழன் யோபுவா? எங்க மாமா சொல்லுவாரு, அவரு பாடி சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல பாறையே வெடிச்சுதாமே?" பிலோமி சொல்கிறாள்: "வெடிச்சுது. அது பாட்டுக்கு வெடிச்சுது." கேட்டீர்களா, பாட்டுக்குத்தான் வெடித்தது என்று அவளே ஒப்புக்கொள்கிறாள், நான் இத்தனை வருசமாக அதைத்தானே சொல்கிறேன். "அந்தப் பல்லு நடுவுல சந்து, பாறைச் சில்லு தெறிச்சு வந்துதுன்னு..." என்கிறது வீங்கின கன்னம். "ஒவ்வொருத்தர்கிட்ட ஒவ்வொன்னு சொல்லுவாரு. உங்க மாமாகிட்ட பாறைச் சில்லா? எங்க அண்ணங்கிட்ட குத்துச்சண்டைன்னாரு. பாதிரியார்கிட்ட, சின்ன வயசுல தங்கக் கட்டியக் கடிச்சுப் பாத்தேன்னாரு. அவங்கம்மாவுக்கும் அப்டிதான் சந்து இருந்துது, வேற ஒன்னுமில்ல." தாலி கட்டின நாளிலிருந்து இதே வேலைதான் இவளுக்கு, நான் ஒரு கோபுரம் கட்டுவேன், இவள் அடியிலிருந்து ஒரே ஒரு செங்கல்லை உருவுவாள், அதையும் சிரிக்காமல் செய்வாள். போகட்டும். சந்து எப்படி வந்தது என்பதா முக்கியம், அது என்ன செய்தது என்பதல்லவா முக்கியம். என் குரல் மேலே ஏறுவதற்கு முன்னால் அந்தச் சந்துக்குள் காற்று போகும், ஸ்ஸ்ஸ் என்று, காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, அது கேட்டதும் கூட்டம் முதுகை நிமிர்த்தும், தெரியும் அவர்களுக்கு, அடுத்தது வரப் போகிறது, அடுத்த நொடி என் அடிவயிற்றிலிருந்து அந்த அலறல் கிளம்பும், ஆஆ என்று, கிழிந்த துணி மாதிரி ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக. என் பாட்டைப் பதிவு பண்ண வேண்டுமென்று பெங்களூரிலிருந்து போன் பண்ணின பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். எங்கோ பழைய சாமான் கடையில் என் இசைத்தட்டு கிடைத்ததாம், தேய்ந்து போகிற அளவுக்குப் போட்டுக் கேட்டார்களாம், சார் நீங்கள்தான் முன்னோடி என்றார்கள், சனிக்கிழமை சுரங்கத் தொழிலாளர் மன்றத்திலேயே மேடை போட்டுப் பதிவு பண்ணப் போகிறோம் என்றார்கள், கடைசியில் தயங்கித் தயங்கி, "சார், அந்த ஸ்ஸ் வேணும் சார், அது இல்லாம அந்தப் பாட்டே இல்ல" என்றார்கள். அந்த ஸ்ஸ் என்னய்யா பெரிய விசயம், வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன், வாருங்கள் என்றேன். வாய்க்குள்ளே வைத்திருந்தேன். இன்னும் ஐந்தாறு நிமிசத்துக்கு வைத்திருப்பேன்.

யாரோ உதவிப் பெண் உள்ளே வந்து என் கடைவாயில் கொக்கி மாதிரி ஒரு குழாயை மாட்டிவிட்டுப் போகிறாள், எச்சில் உறிஞ்சுவதற்காம், சுவிட்சைத் தட்டினதும் காதுக்குப் பக்கத்தில் ஸ்ஸ்ஸ்ஸ். என்ன வேடிக்கை, என் தொண்டை தானாகத் திறக்கிறது, அடிவயிறு தானாக இறுகுகிறது, அலறல் நெஞ்சுக்குழி வரை வந்து எட்டிப் பார்க்கிறது, ச்சே, சும்மா இரு, இது குழாய், எச்சில் குழாய், மேடை இல்லை. பழக்கதோசம். மூக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், என் மூக்குதானா என்று சந்தேகமாக இருக்கிறது. இப்படித்தான் ஒரு தடவை கிளப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உடம்பே மரத்துப் போனது, முதன்முதலாக சோல் பாட்டைக் கேட்ட நாள், நான் அப்போது வெள்ளைக்கார அதிகாரிகள் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைக்குப் புள்ளி சொல்கிறவன், வெள்ளைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள், மிச்சமிருந்த ஒரு இன்ஜினியரைவிட்டு அவர் மனைவியும் போய்விட்டாள், அவர் தினமும் சாயங்காலம் ஒரே இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அமெரிக்காவிலே கறுப்பு மக்கள் பாடினது. எனக்கு இங்கிலீசு புள்ளி எண்ணுகிற வரைக்கும்தான். ஆனால் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ராத்திரி ஷிஃப்டுக்குப் போன ஆள் காலையில் வரவில்லை என்றால் வாசலில் நிற்கிற பொம்பளை, அழ ஆரம்பிப்பதற்கு முன்னால், இன்னும் சேதி வராத அந்தக் கொஞ்ச நேரத்தில், தொண்டைக்குள் ஒன்று வைத்திருப்பாளே, அதை ஒருவன் எடுத்து வெளியே போட்டிருக்கிறான், டிரம்ஸ் வைத்து, சாக்ஸபோன் வைத்து, மேல்சட்டை பளபளக்க. ஒரு பக்கம் துக்கம், ஒரு பக்கம் இடுப்பு ஆடுகிறது. இது எப்படி இரண்டும் ஒன்றாக இருக்கும்? அப்போதுதான் தெரிந்தது, இரண்டும் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது, நமக்குத்தான் ஒன்றுக்குச் சாவு வீடென்றும் இன்னொன்றுக்குக் கல்யாண வீடென்றும் தனித்தனியாக வாசல் வைத்திருக்கிறோம். அந்த இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது தட்டு மொத்தத்தையும் என் கையில் கொடுத்து, யோபு, என் துக்கத்தை நீ வைத்துக்கொள் என்று கண்கலங்கினார். சரி, கொடுக்கவில்லை, மறந்து வைத்துவிட்டுப் போனார். சரி, மறக்கவும் இல்லை, குப்பையில் போடச் சொன்னார். எப்படியோ என் கைக்கு வந்தது, கதை எந்தப் பக்கத்திலிருந்து ஏறினாலும் அந்த உச்சிக்குத்தான் போகும்.

வெளியே பிலோமியின் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாள்? போஸ்டர் கதையைத்தான் சொல்லியிருப்பாள், அதை மட்டும் அவளும் செங்கல் உருவாமல் சொல்லுவாள், ஏனென்றால் அதில் நான் கூட்டிச் சேர்க்க ஒன்றுமே இல்லை. கிறிஸ்துமஸுக்கு மன்றத்தில் முதல் கச்சேரி. அச்சாபீஸ் அரங்கராஜுலுவிடம் போய், சோல் இசைக் கச்சேரி என்று பெரிய எழுத்தில் போடுங்கள் என்றேன். "சோலா? அப்டின்னா?" என்றார். சோல், சோல் என்றேன் அழுத்தி. மனுசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம் படிக்காத பயல், ழகரம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல, போஸ்டர் ஒட்டின அன்றைக்குப் பார்த்தால் ஊர் முழுக்க சுவரில்: சோழர் இசைக் கச்சேரி, பாடுபவர் யோபு. புலிக்கொடி வேறு ஒரு ஓரத்தில். நான் ஓடிப்போய்ச் சண்டை போட்டேன். "திருத்திக் குடுத்திருக்கேன், நன்றி சொல்லாம கத்துறியே" என்றார். அன்றைக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பங்காருப்பேட்டையிலிருந்து தமிழ் வித்துவான் திருமேனியார், தோளில் சால்வை, முகத்தில் ராஜராஜனையே நேரில் பார்க்க வந்த பயபக்தி. நான் சிவப்புச் சட்டை, மினுமினுக்கிற கால்சட்டை, பின்னால் பிலோமி இடுப்பில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கோலாரில் பொம்பளை கிட்டார் வாசித்து யாரும் பார்த்ததில்லை, டிரம்ஸில் நெவில். ஸ்ஸ்ஸ், ஆஆ. முதல் அலறலுக்கே வித்துவானின் சால்வை நழுவி விழுந்தது. நழுவினதை அவர் எடுக்கவில்லை, கடைசிப் பாட்டு வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார், கொலை விழப்போகிறது என்று நான் வேர்த்துக் கிடந்தேன். முடிந்ததும் மேடைக்கு வந்தார். "தம்பி, சோழர் காலத்தில் இப்படிப் பாடியிருப்பார்களா என்று கேட்டால், பாடியிருப்பார்கள்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "சோழர்கள் அல்ல. அவர்களிடம் தோற்றவர்கள்" என்றார். பிறகு குனிந்து சால்வையை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நான் சோழன் யோபு. எங்கள் சபைப் போதகர் மட்டும், சோல் என்றால் ஆத்துமா அல்லவா யோபு, ஆத்துமாவைப் பற்றிப் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு ராசாத்தி ராசாத்தி என்கிறாயே, யார் அவள் என்று கேட்டார். ஆத்துமாவின் பெயரே ராசாத்திதான் ஐயரே என்றேன். பிலோமிக்கு அன்றிலிருந்து ஒரு வாரம் முகம் சரியில்லை.

என்ன வாழ்க்கை! பெங்களூர் ஓட்டல்கள், மெட்ராஸில் கடலோரக் கிளப்புகள், ஒரு தடவை கொழும்பு, போகும்போது கப்பலில் பாடினேன், மீன்கள் கப்பலோடு கூடவே வந்தன, கூட வந்தவை சுறா என்று பிலோமி சொல்லுவாள், சுறாவும் மீன்தானே. ஒரே ஒரு இசைத்தட்டு. அதற்கப்புறம் சினிமா, பாடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று போனால் கத்தச் சொன்னார்கள், அந்தக் காலத்தில் மலையுச்சியிலிருந்து விழுந்த வில்லன்களில் பாதிப் பேர் நான்தான், பள்ளம் ஆழமாக இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மற்றவர்கள் குரல் பாதி வழியிலேயே தரையைத் தொட்டுவிடும். எங்கே போனாலும் ஒரே ஒரு மைக். அதை நான் சொல்லியே ஆகவேண்டும், இன்றைக்குப் பிள்ளைகள் டிரம்ஸின் வயிற்றுக்குள்ளேகூட மைக்கை வைக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றே ஒன்று, நான் முன்னால், பிலோமி என் தோளுக்குப் பின்னால் ஒட்டி நிற்பாள், கூடச் சேர்ந்து பாடும் இடத்தில் கழுத்தை நீட்டுவாள், அவள் மூச்சு என் காதுமடலில் படும். அவள் விரல்! அந்த பேஸ் கிட்டார் கம்பி சுரங்கத்துக் கூண்டுக் கயிறு மாதிரி தடிமன், ஆரம்பத்தில் எல்லா விரல் நுனியும் கொப்புளம், கொப்புளத்தின் மேலேயே வாசிப்பாள், கச்சேரி முடிந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரில் விரல்களை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் அலறல் எப்படி இருந்தது என்று அவளுக்கே விளக்குவேன். சனிக்கிழமைக்கு நீயும் வா என்றேன். "நான் வர்ல. என் வெரலு பட்டது போதும். பெங்களூர்லேர்ந்து பையன் வாசிக்க வரான்ல, அவன வெச்சிக்க" என்றாள். ஆள் இல்லாமல் போகவில்லை, யோபு இருக்கிறேன், என் சந்து இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

உறிஞ்சுகுழாய் ஒரு நொடி நின்று மறுபடி ஸ்ஸ் என்கிறது, மறுபடி என் தொண்டை திறந்துகொள்கிறது, அட, நாய்க்குட்டியா நீ. ஆனால் பாருங்கள், இங்கே எச்சில் குழாய்க்கெல்லாம் துள்ளிக்கொண்டு வருகிற இந்த அலறல், வீட்டில் வரமாட்டேன் என்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போன் வந்த நாளிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முயற்சி பண்ணுகிறேன், குழாயைத் திறந்துவிட்டு, பிலோமிக்குக் கேட்காமல். சந்துக்குள் காற்றை இழுக்கிறேன், ஏதோ ஒரு ஸ் வருகிறது, சைக்கிள் ட்யூபில் ஓட்டை மாதிரி மெல்லிசாக, அப்புறம் வாயைத் திறந்தால் அலறல் இல்லை. இருமல் வருகிறது. ஏறுகிற இடத்தில் ஏணியை யாரோ எடுத்துவிட்டார்கள். சீழ்தான் காரணம், ஈறு வீங்கிச் சந்தை அடைத்துக்கொண்டது, காற்றின் வழி மாறிவிட்டது, அதுதான், அதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் பல்லை எடுத்துவிட்டால்? சந்து என்பது இரண்டு பல்லுக்கு நடுவில் இருப்பது, பல்லே இல்லாவிட்டால் அது சந்தில்லை, மைதானம். மைதானத்தில் காற்றுக்குச் சத்தம் ஏது? கட்டுப்பல் வைத்தால் டாக்டரம்மா இந்தச் சுவர்ப்பெண் மாதிரி நெருக்கி வைத்துவிடுவார். சனிக்கிழமை மேடையில் நிற்கிறேன், பெங்களூர்க்காரர்கள் காதில் அந்தப் பெரிய கருப்புக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள், நான் இழுக்கிறேன், ஒன்றுமில்லை, ஃபூ. பாறை வெடித்த கதை, மீன் கூட வந்த கதை, தங்கக் கட்டி, குத்துச்சண்டை, எல்லாம் அந்த ஃபூவில் பறந்து போகிறது. நான் எவ்வளவோ புளுகியிருக்கிறேன், ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உலகத்தை இருக்கிறபடியே சொல்ல வானொலி இருக்கிறது. ஆனால் அத்தனை புளுகையும் கட்டி நிறுத்தினது ஒரு நிஜமான கம்பம், அந்த அலறல். எவன் சந்தேகப்பட்டாலும் ஸ்ஸ், ஆஆ, முடிந்தது, வாயடைத்துப் போவான். ராகம் அமெரிக்காக்காரனுடையது, தாளம் நெவிலுடையது, பேர் அச்சாபீஸ்காரர் கொடுத்தது, சட்டைகூட வாடகை. என்னுடையது என்று இருந்தது அந்த ஸ் மட்டும்தான். அம்மா கொடுத்த சந்து.

"மரத்துப் போச்சா தாத்தா?" டாக்டரம்மா வந்துவிட்டார், விரலால் மூக்கின் கீழே தட்டிப் பார்க்கிறார், தட்டுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. தலையாட்டுகிறேன். இல்லை என்று ஆட்ட நினைத்தேன், ஆமாம் என்று ஆடிவிட்டது. இடுக்கி வெளிச்சத்தில் ஒரு முறை மினுங்கி என் மூக்குக்குக் கீழே மறைகிறது. கூண்டில் முதல் தடவை இறங்கின மாதிரி காதடைக்கிறது, நான் சுரங்கத்தில் வேலை பார்த்ததே இல்லை என்று பிலோமி சொல்லுவாள், ஒரு தடவை பார்வையாளனாக இறங்கினேன், இறங்கினது இறங்கினதுதான். மண்டைக்குள் யாரோ மேசையை நகர்த்துகிற சத்தம். ஒரு திருகு. கடக். "ஒன்னு வந்துருச்சு, சமத்து." சமத்தாம். வில்லன்களுக்கு அலறினவனை சமத்து என்கிறார்கள். மறுபடி மேசை, மறுபடி திருகு, இது கொஞ்சம் அடம் பிடிக்கிறது, பிடிடா, விடாதே, நீயாவது இருடா, கடக். கிண்ணத்தில் டிங், டிங் என்று இரண்டு சத்தம், இத்தனூண்டு. ஊரையே எழுப்பினது இந்த இரண்டா? நாக்கு போய்த் தேடுகிறது. சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, வழவழ என்று உப்பாக ஒரு பள்ளம், நாக்கு ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. டாக்டரம்மா பஞ்சைச் சுருட்டி அங்கே வைத்துக் கடிக்கச் சொல்கிறார். "அரை மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது. துப்பக் கூடாது. பேசவே கூடாது. அம்மா, கேக்குதா? பேச விடாதீங்க!" வெளியிலிருந்து பிலோமியின் குரல்: "நீங்க ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுங்க டாக்டர்."

நடந்து வெளியே வருகிறேன், தலை நிமிர்ந்துதான் வருகிறேன், தோற்றவன் மாதிரி வரவில்லை. வீங்கின கன்னக்காரர் எழுந்து கும்பிடுகிறார், கையால் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு பிலோமி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னை இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் அவள் பார்த்ததே இல்லை, கொஞ்சம் பயந்துவிட்டாள் போலிருக்கிறது. "வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினேன். வாயைக் காட்டினேன், இரண்டு விரலால் பிடுங்கிக் காட்டினேன், காற்று போகிற மாதிரி கையை விரித்துக் காட்டினேன், சனிக்கிழமை என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் மைக்கைப் பிடித்துக் காட்டிவிட்டுக் கையைக் கீழே போட்டேன். "அந்த ஸ்ஸ் போச்சுன்னா? அதுக்கா மூஞ்சி இப்டி வெச்சிகினு இருக்க?" தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்திருக்கலாம், ஊசி மருந்துக்குக் கண்ணில் தண்ணீர் வருவது சகஜம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "யோவ். அது எங்கயா உன் பல்லுல இருந்துது?" நான் பார்க்கிறேன். "கொப்புளம்யா. நீ மேல ஏர்ற எடத்துல நான் அந்தத் தடிக் கம்பிய அழுத்தி இழுக்கணும், நீதான அப்டி வாசின்னு சொன்ன, அங்க வரும்போதெல்லாம் உயிர் போவும், ஸ்ஸ்னு இழுத்துக்குவேன். ஒரே மைக்கு. உன் தோளுக்குப் பின்னாடி என் வாயி. அது ஸ்பீக்கர்ல வரும், கூட்டம் உன்னப் பாக்கும், நீ கத்துவ. நான் ஸ்ஸ்னாதான் நீ கத்துவ. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!" எனக்கா? எனக்குத் தெரியுமா? காதுமடலில் பட்ட மூச்சு, ஆமாம், அது உள்ளே போகிற மூச்சு, இழுக்கிற மூச்சு. விரல்களைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, என் பல்லிடுக்கைப் பற்றி நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்த அத்தனை ராத்திரிகளும் வரிசையாக என் முன்னால் வந்து நிற்கின்றன, ஒன்றாவது சிரிக்காமல் நிற்கவில்லை. நான் அவள் விரல் நுனியைத் தொட்டுக் காட்டினேன், அங்கே இப்போதும் காய்ப்பு, கல் மாதிரி, கொப்புளம் எல்லாம் எந்தக் காலத்திலோ ஆறி இறுகிப் போனது, அதற்கப்புறம்? கொழும்புக்குப் போனபோது? இசைத்தட்டுக்கு? கேள்வி அவளுக்குப் புரிந்தது. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "காச்சுப் போனதும் வலி நின்னுடுச்சு. ஒரு நாள் சும்மா இருந்து பாத்தேன். நீ வாயத் தொறந்துகினு நின்ன, சத்தமே வர்ல, நெவிலு அதே தாளத்த ரெண்டு தடவ சுத்தி அடிச்சான். பாவமா இருந்துது. அப்புறம் அந்த ஸ்ஸ்ஸ நானே போட்டேன்."

வீங்கின கன்னக்காரர் கன்னத்தையே மறந்துவிட்டார். "அது எப்டிங்க, ஒரு தடவ..." என்றார். பிலோமி எழுந்திருக்கவில்லை, இடது கையை மட்டும் எடுத்து பெஞ்சின் விளிம்பில் வைத்தாள், விரல்களை வளைத்தாள், அழுத்தினாள், அந்தக் கம்பி அங்கே இருந்தது, சத்தியமாக நான் பார்த்தேன், இதில் ஒரு செங்கல்லையும் யாரும் உருவ முடியாது. என் தோளுக்குப் பின்னால் சாய்ந்தாள். ஸ்ஸ்ஸ். தோசைக்கல். அடிவயிறு இறுகினது எனக்குத் தெரியும், அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, ஆஆ என்று அது என்னைத் தள்ளிக்கொண்டு போனது, பல் இருந்த இடம் வழியாக, முன்னைவிட அகலமாக, பிசிறுகளெல்லாம் அப்படியே, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படத்துப் பெண் ஆணியிலிருந்து கழன்று விழுகிற சத்தம் கேட்டது, பஞ்சு பறந்து போய் வீங்கின கன்னக்காரர் காலடியில் விழுந்தது, தெருவில் ஒரு ஆட்டோ நின்றது. டாக்டர் ஷாகிதா கையுறையோடு ஓடி வந்தார். "தாத்தா! பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" நான் பேசவில்லையே, எங்கே பேசினேன், ஒரு வார்த்தை பேசியிருந்தால் கேளுங்கள். டாக்டரம்மா திட்டிக்கொண்டே புதுப் பஞ்சைச் சுருட்டி என் வாயில் அடைத்தார். பிலோமி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், பெஞ்சில் அழுத்தின விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டாள். "நீங்க அவர ஒன்னும் சொல்லாதீங்க டாக்டர், நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பெங்களூர்க்காரங்களுக்கு போனப் போட்டுக் குடு, நான் பேசறேன். ஆளுக்கொரு மைக்கு வெச்சாங்கன்னா நான் வர்ல."